ஏமாந்ததற்கு என்ன வார்த்தை

முதல் அடி விழுவதற்கு முன்னால் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். படிவத்தில் அதற்கென்றே ஒரு கட்டம் இருந்தது: ‘சரிபார்ப்பின்போது ஏற்படும் காயங்கள் என்னுடையவையே.’ பல்லக்கா அதைப் படிக்காமல் போட்டாள். படிக்காமல் கையெழுத்துப் போட்டதால்தான் தான் அங்கே வந்து நிற்கிறோம் என்பது அவளுக்குக் கொஞ்சம் தாமதமாக உறைத்தது. அதற்குள் தலைக்கு மேல் கோணி வந்துவிட்டது.

பல்லக்கா என்பது தெருக்காரர்கள் வைத்த பெயர். பல் டாக்டர்களுக்குப் பல்செட் செய்து தருவது அவள் தொழில். தெருவைப் பார்த்த ஒற்றை அறை. அப்பா வாங்கி வைத்துவிட்டுப் போனது. மெழுகு உருக்கும் அடுப்பு, பல் வேகவைக்கும் பாத்திரம், ஏறி இறங்கும் ஒரு பழைய சுழல் நாற்காலி, அலமாரி நிறைய யார் யாருடைய வாயோ வெள்ளைச் சாந்தில் இறுகிக் கிடக்கும் அச்சுகள். பதினோரு வருஷமாக அந்த அறைதான் அவளுக்குச் சோறு, துணை எல்லாம்.

ஒரு மாதத்துக்கு முன் ஒருவன் வாசலில் வந்து நின்றான். எப்போதோ வீட்டைவிட்டுப் போன சித்தப்பாவின் மகன் என்றான். அப்பாவின் படத்தைப் பார்த்து அழுதான். “அக்கா” என்றான். தெருவே அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டது, ஆனால் முன்னால் ஒரு பல்லை ஒட்டிக் கூப்பிட்டது. இவன் வெறுமனே கூப்பிட்டான். மூன்று வாரம் சாந்து மூட்டை சுமந்தான், நாற்காலிக்கு எண்ணெய் போட்டான், ஒருநாள் ஒரு தாளை நீட்டி, கரண்ட் இணைப்பை உன் பேருக்கு மாத்தணும்க்கா என்றான். படித்துப் பார்த்தால் அவன் மனசு நோகுமே என்று அவள் படிக்கவில்லை. மறுநாள் அறைக்கு வேறு பூட்டு. வரும் சனிக்கிழமை இடிக்க ஆள் சொல்லியிருப்பதாக அந்தப் பூட்டுக்குப் பக்கத்திலேயே நின்று அவன் சொன்னான். அப்போதும் அக்கா என்றுதான் சொன்னான்.

போலீஸ் இன்ஸ்பெக்டர் தங்கமான மனிதர். உட்காரச் சொல்லிக் கேட்டார்.

“ஏமாத்திட்டான்னு சொன்னா அது புலம்பல்மா. புகார் ஆகாது. சட்டம் இங்கிலீஷ்ல இருக்கு, அதுல ஏமாத்தறதுக்கு நாப்பத்திமூணு வார்த்தை இருக்கு. உங்களுக்கு நடந்தது எதுன்னு சொல் நிர்ணய ஆபீஸ்ல சான்றிதழ் வாங்கிட்டு வாங்க. அன்னிக்கே பத்திரத்த ரத்து பண்ணி சாவிய உங்க கைல குடுத்துடறேன்.”

இப்படித்தான் திங்கட்கிழமை காலை அவள் கோணிக்குள் நின்றாள்.

சொல் நிர்ணய அலுவலகத்தில் நாற்பத்திமூன்று ஜன்னல்கள். சட்டம் எழுதியவர்கள் எந்தக் காலத்திலோ ஊரைக் காலி செய்துகொண்டு போய்விட்டார்கள். வார்த்தைகளை எடுத்துப் போக மறந்துவிட்டார்கள். அவற்றைப் பாதுகாக்கத்தான் இந்த அலுவலகம். ஒரு வார்த்தைக்கு ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு ஒரு குமாஸ்தா, எல்லா ஜன்னலுக்கும் பொதுவாக ஒரு சரிபார்ப்பாளர். சரிபார்ப்பாளர் கதவளவு அகலமானவர். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு மூலக் கதை உண்டு; அந்தக் கதை புகார்தாரருக்கு உடம்பில் நடந்திருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. அடிப்பதற்கு முன் அவர் சட்டைக் கையை மடித்துவிட்டு, “ஆரம்பிக்கலாங்களா?” என்று கேட்பார். அந்த அலுவலகத்தில் மரியாதையாகப் பேசியவர் அவர் ஒருவர்தான்.

முதல் ஜன்னல் ஹூட்விங்க். ஹூட் என்றால் முக்காடு, விங்க் என்றால் அந்தக் காலத்தில் கண்ணை மூடுவது என்று குமாஸ்தா விளக்கினார். முக்காட்டை இழுத்துக் கண்ணை மறைத்துவிட்டு மடியில் இருப்பதைப் பிடுங்குகிற திருடர்கள். அதனால் கோணி. கோணிக்கு மேல் கம்பால் நான்கு அடி. இரண்டு தோளில், ஒன்று காதில், ஒன்று எங்கே என்று அவளுக்கே தெரியவில்லை. கோணியை எடுத்ததும் குமாஸ்தா பேனாவைத் திறந்துகொண்டு, கையெழுத்துப் போட்டபோதும் இதே மாதிரி இருட்டாக இருந்ததா என்று கேட்டார்.

பல்லக்காவுக்குப் பொய் சொல்ல வராது. பல் தவிர வேறெதையும் போலியாகச் செய்து பழக்கமில்லை. இல்லை, நல்ல வெளிச்சம், அவன் முகம் நன்றாகத் தெரிந்தது என்றாள். குமாஸ்தா ‘பொருந்தாது’ முத்திரையைக் குத்தினார். காதில் ரத்தம் வழியப் படியிறங்கும்போது அவளுக்குக் கம்பு மறந்துபோயிருந்தது. வேறொன்று உறுத்தியது. யாரும் முக்காடு போடவில்லை. கண்ணை மூடிக்கொண்டது அவளேதான்.

செவ்வாய்க்கிழமை ஸ்விண்டில். அது வேறொரு தேசத்து வார்த்தை, தலை சுற்றுவது என்று பொருளாம். தலை சுற்றிக் கிறுகிறுத்துத் திரிகிறவன் கட்டும் கோட்டைதான் பிற்பாடு பித்தலாட்டம் ஆயிற்றாம். நடு ஹாலில் ஒரு சுழல் நாற்காலி. அவளுக்கு முன்னால் ஒரு கடைக்காரர். நாற்பதாவது சுற்றில் நாற்காலி அவரை உதறியது. சுவரில் மோதினார், காறை எலும்பு மரக்கிளை முறிவதுபோலச் சத்தம் போட்டது. அவரை இழுத்து ஓரமாக வைத்துவிட்டு, “அடுத்து” என்றார்கள். பல்லக்கா எழுபது சுற்றும் தாங்கினாள். கீழே இறங்கிய பிறகுதான் தரை எழுந்து வந்து அவள் உதட்டைக் கிழித்தது. வாந்தி எடுத்துக்கொண்டே கேள்விக்குப் பதில் சொன்னாள். குறிப்பு இப்படி எழுதப்பட்டது: ‘புகார்தாரருக்குக் கையெழுத்துக்குப் பின்னரே தலை சுற்றியுள்ளது. வார்த்தை மூலத்தில் தலைசுற்றல் முந்தியது. பொருந்தாது.’

உதட்டைக் கையால் சேர்த்துப் பிடித்தபடி ஹாலின் கோடியில் போய் உட்கார்ந்தாள். அங்கே ஒரு ஜன்னல் மட்டும் அடைத்திருந்தது. ‘சீட். பொதுமக்களுக்கு அல்ல’ என்று பலகை. அதற்கு எதிரே கழுத்தில் கட்டுப் போட்ட ஒருவர் ஒரு ஃபைலைக் கட்டிக்கொண்டு நின்றார். மகளுக்குக் காலேஜ் சீட் வாங்க வந்தாராம். மூன்று வாரமாக நிற்கிறார். நான்கு ஜன்னல் சரிபார்ப்பு ஆகிவிட்டது.

“இது படிப்பு சீட் இல்லைங்க, ஏமாத்தற சீட்” என்றாள் பல்லக்கா.

“தெரியும்மா. ஆனா இவ்ளோ அடி வாங்கின அப்புறம் சும்மா போக முடியுமா?”

இன்னொரு ஜன்னலின் கதை இதைவிட மோசம். ஆளைக் குழப்பி ஏமாற்றுவதைச் சொல்லும் பம்பூசில் என்ற வார்த்தையைப் பலகை எழுத வந்தவன் ‘பாம்பூசி’ என்று எழுதிவிட்டான். பாம்பு கடித்த இரண்டு பேரை அங்கே தூக்கி வந்தார்கள். மூலம் என்ன என்று கேட்டதற்குக் காலைக் காட்டினார்களாம். அப்படியே வரிசையில் செத்துப்போனார்கள். அவர்கள் மனுக்கள் இன்னும் நிலுவையில் இருக்கின்றன.

புதன்கிழமை காலை அவளுக்கு ஒரு நம்பிக்கை வந்தது. ஏழாவது ஜன்னலில் இருந்த குமாஸ்தா அம்மாள் அவள் கதையைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கஸன் என்று ஒரு வார்த்தை இருக்கிறது, உனக்காகவே தைத்த மாதிரி என்றாள். உறவுமுறை சொல்லிக்கொண்டு வந்து ஏமாற்றுவது. கசின் என்று சொல்லி வீட்டுக்குள் நுழைந்து சாப்பிட்டு, கைக்குக் கிடைத்ததைச் சுருட்டுகிறவனிடமிருந்து அந்த வார்த்தை வந்ததாகப் பெரியவர்கள் நம்புகிறார்களாம். பல்லக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. நம் கஷ்டத்துக்கு எங்கேயோ ஒரு தேசத்தில், எந்தக் காலத்திலோ, ஒருத்தி பெயர் வைத்திருக்கிறாள். அவளும் தாளைப் படித்திருக்க மாட்டாள்.

உறவுச் சோதனை இருந்தது. ரத்த சம்பந்தம் பார்க்க ரத்தம் வேண்டும். “ஆரம்பிக்கலாங்களா?” என்று கேட்டுவிட்டுச் சரிபார்ப்பாளர் அவள் மூக்கில் குத்தினார். பஞ்சில் ஒற்றி எடுத்து முத்திரை மையோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் சிவப்பு. உறவு இல்லை என்று சொல்ல ஆதாரம் இல்லை என்று முடிவாயிற்று. அதுவரைக்கும் சரியாகத்தான் போனது. பிறகு குமாஸ்தா அம்மாள் சாதாரணமாக ஒன்று கேட்டாள்.

“வாசல்ல வந்து நின்னப்போ அவன் என்னன்னு சொன்னான்? கசின்னு சொன்னானா?”

“தம்பின்னு சொன்னான். சித்தப்பா மகன் தம்பிதானேம்மா.”

பேனா நின்றது. “கசின்னு சொல்லலையா?”

“நம்ம பேச்சுல அதுக்கு வேற வார்த்தை ஏதும்மா? பெரியப்பா பிள்ளை அண்ணன், சித்தப்பா பிள்ளை தம்பி.”

“அப்போ சிக்கல்தான். தம்பி வந்து ஏமாத்தினா அதுக்கு அவங்க கிட்ட வார்த்தை இல்ல.” குமாஸ்தா அம்மாள் உண்மையாகவே வருத்தப்பட்டாள். “நீ கொஞ்சம் தூரத்து உறவா பாத்து ஏமாந்திருக்கலாம்.”

பொருந்தாது.

அன்று மத்தியானம் கண்ணாடியில் மூக்கைப் பார்த்தபோது பல்லக்காவுக்கு விசித்திரமான எண்ணம் ஒன்று வந்தது. அவர்கள் அடித்த எந்த அடியும் அந்த ஒற்றைச் சொல் அளவுக்கு ஆழமாக இறங்கவில்லை. அக்கா என்று அவன் சொன்னது பொய்தான். கேட்டபோது அவளுக்குள் ஏதோ இளகியதே, அது பொய்யில்லை. பொய்யான பல்லால் கடித்தாலும் வயிறு நிறையத்தான் செய்கிறது. இது அவளுக்குத் தெரிந்ததுபோல் யாருக்குத் தெரியும்?

வியாழக்கிழமை, இடிப்பதற்குள் முறை வரக்கூடியதாக மிச்சம் இருந்த ஒரே வழி பாம்பூசி ஜன்னல். பம்பூசிலின் மூலம் உறுதியாகத் தெரியாது என்பதால் அது குழுவுக்குப் போகும். குழுவில் இயக்குநரே உட்காருவார். இயக்குநர் மெலிந்த உடம்பு, கணீரென்ற குரல். மறுநாள் அலுவலகத்தின் ஆண்டு விழா. அவர் வாசிக்க வேண்டிய அறிக்கை மேஜையில் இருந்தது. புகார்தாரருக்கு ஊக்கம் தருவதற்காக அதிலிருந்து கொஞ்சம் பேசிக்காட்டினார்.

“இந்த ஆபீஸ் ஆரம்பிச்ச நாள்லேர்ந்து ஒருத்தர் கூட ஏமாந்ததா நிரூபணம் ஆகல. ஏமாத்து வேலையே இல்லாத ஊர்னு தைரியமா சொல்லலாம். எங்க கிட்ட வர்றதுக்கு முன்னாடிதான் ஜனங்க ஏமாந்ததா நெனைக்கிறாங்க. போகும்போது பாருங்க, அடிபட்டிருப்பாங்க, ஆனா ஏமாந்திருக்க மாட்டாங்க.”

மூலையில் அடைத்துக் கிடக்கும் ஜன்னலைப் பற்றி பல்லக்கா கேட்டாள். இயக்குநருக்கு அது மிகவும் பிடித்த கேள்வி.

“சீட் சாதாரண வார்த்தை இல்லம்மா. வாரிசு இல்லாம செத்தவன் நெலத்த ராஜாவுக்காக எடுத்துக்கற அதிகாரி ஒருத்தர் அந்தக் காலத்துல இருந்தார். வாரிசு இருந்தாலும் எடுத்துப்பார். அவரோட பதவிப் பேர்லேர்ந்து பொறந்த சொல் அது. அதாவது, நம்ம உத்தியோகத்துல பொறந்த சொல். அத வெளி ஆளுங்களுக்குக் குடுக்க முடியுமா? அந்தச் சான்றிதழுக்கு மட்டும் சரிபார்ப்பே கெடையாது. என் கையெழுத்து இருந்தா யாரும் மூலம் கேக்க மாட்டாங்க.”

அவள் அதை மனதில் வைத்துக்கொண்டாள்.

பிறகு குழுவின் நிபுணர்கள் இருவரும் விவாதத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் தடித்தவர். பம்பூசில் என்பது பம்பூ, அதாவது மூங்கில். மூங்கிலால் தலையில் போட்டுப் பறிப்பது என்றார். ஒல்லியானவர், அது பபூன், அதாவது குரங்கு. ஆளைக் குரங்காக்குவது என்றார். அவளை மூங்கிலால் அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும் என்றார் தடித்தவர். மரத்தில் ஏற்றிப் பார்க்கலாம் என்றார் ஒல்லியானவர். உங்கள் வாதத்துக்கு நீங்களே ஆதாரம் என்று தடித்தவர் ஒல்லியானவரின் முகத்தைச் சுட்டிக்காட்டியதும் மைக்கூடு பறந்தது. பதிலுக்கு ரூல்தடி, அதன் முனை தாடையில் இறங்கியது. ஒருவர் காதை ஒருவர் பிடித்துக்கொண்டு மேஜைமேல் உருண்டார்கள். கடைசியில் ஒல்லியானவர் அகராதியின் இரண்டாம் பாகத்தை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினார். தடித்தவர் குனிந்தார். பின்னால் இயக்குநர் அமைதி, அமைதி என்று வாயைத் திறந்திருந்தார்.

மேல்வரிசை முன்பல் நான்கு, அறிக்கையின்மேல் விழுந்தன. பல்லக்கா பழக்க தோஷத்தில் அவற்றைப் பொறுக்கி எண்ணினாள்.

இயக்குநர் ரத்தத்தைத் துப்பிவிட்டு ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தார். ஃப்ராட் என்று சொல்ல மேற்பல் கீழுதட்டைத் தொட வேண்டும். தொடுவதற்குப் பல் இல்லை. ஹ்ராத் என்று காற்று வந்தது. நாற்பத்திமூன்று வார்த்தையில் பதினாறு அவர் வாயை விட்டுப் போய்விட்டன. மறுநாள் விழா. நிபுணர்கள் இருவரும் முதன்முறையாக ஒரே கருத்துக்கு வந்து ஒரே கதவு வழியாக ஓடினார்கள்.

“நாளைக்குள்ள பல் வெச்சுத் தரேன் சார். ஆனா என் அறை பூட்டியிருக்கு” என்றாள் பல்லக்கா.

அரை மணி நேரத்தில் சரிபார்ப்பாளர் இரும்புக் கம்பியோடு அவள் தெருவில் இருந்தார். பூட்டு இரண்டே போடில் தெறித்தது. சத்தம் கேட்டு வந்த தம்பி, யாரைக் கேட்டு உடைக்கிறாய் என்று சரிபார்ப்பாளரின் சட்டையைப் பிடித்தான். இந்த முறை படிவம் இல்லை, “ஆரம்பிக்கலாங்களா?” இல்லை. கம்பி வாயில் விழுந்தது. அவன் படியில் சரிந்தான். அடுத்த அடி விலாவில். அதற்கடுத்தது எங்கே விழுந்ததோ, அவன் உடம்பைச் சுருட்டிக்கொண்டு, ரத்தக் குமிழிகளுக்கு நடுவிலிருந்து கூப்பிட்டான்.

“அக்கா.”

அவள் கால் அவன் பக்கம் திரும்பியது. மூன்று நாள் அடி வாங்கியும் புத்தி வராத கால். அதை அவளே பார்த்தாள், வேறு யாருடைய காலையோ பார்ப்பதுபோல. பிறகு அதை இழுத்துக்கொண்டு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைத்தாள்.

கூடவே வந்திருந்த இயக்குநரைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்தாள். அளவெடுப்பது டாக்டர் வேலை. அன்று அதுவும் அவள் தலையில். அச்சு மாவைக் குழைத்து அவர் வாயில் அழுத்தினாள். கண்ணில் சாந்துத் தூசி விழும் என்று ஈரத்துண்டை இழுத்து முகத்தை மூடினாள். வெளிச்சத்துக்காக நாற்காலியைத் திருப்பினாள். தலையைப் பின்னால் சாய்த்து மறுபடி திருப்பினாள். அவர் கைகள் காற்றில் எதையோ பிடிக்கத் தேடின. அப்போதுதான் அவளுக்குத் தான் என்ன செய்துகொண்டிருக்கிறோம் என்று புரிந்தது. முக்காடு ஆயிற்று. சுற்றல் ஆயிற்று. பாக்கி ஒன்றுதான். பையிலிருந்து சான்றிதழ்ப் படிவத்தின் கடைசிப் பக்கத்தை எடுத்தாள். வார்த்தைக்கான கட்டம் காலி, கையெழுத்துக்கான இடம் காலி.

அந்தச் சொல்லை அவள் வாழ்நாளில் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆள் இருந்ததில்லை. நாக்கில் அது சூடாக இருந்தது.

“பயப்படாதீங்கண்ணே. பல் அளவு சரின்னு ஒரு கையெழுத்து, அவ்ளோதான்.”

அண்ணே என்று கேட்டதும் அவர் தோள் தளர்ந்தது. விரல்கள் சாந்துபோல இளகின. துண்டுக்கு அடியிலிருந்து ம்ம் என்று ஒரு குழந்தைச் சத்தம் வந்தது. பேனாவை அவர் கையில் வைத்தாள். போட்டார்.

அவளுக்கு வெற்றியாக இருக்கும் என்றுதான் நினைத்திருந்தாள். பரிவாக இருந்தது. அதுதான் அவளை உலுக்கியது. அப்படியானால் அவனுக்கும் அன்றைக்கு இப்படித்தான் இருந்திருக்குமோ?

சாயங்காலத்துக்குள் பல்லை வேகவைத்துப் பொருத்தினாள். இயக்குநர் ஃப்ராட், ஃப்ராட் என்று கண்ணாடியைப் பார்த்து நான்கு தரம் சொல்லிவிட்டுச் சந்தோஷமாகப் போனார். அவர் போன பிறகு, காலியாக இருந்த கட்டத்தில் நிதானமாக எழுதினாள்: சீட்.

இன்ஸ்பெக்டர் சொன்ன சொல் தவறாதவர். கையெழுத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றார். மூலம் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை விழாவில் இயக்குநர் புதுப்பல் மின்ன அறிக்கை வாசிக்கத் தொடங்கினார். ஏமாந்தவர் எண்ணிக்கை பூஜ்யம் என்று வர வேண்டிய இடத்தில் குமாஸ்தா ஒன்று என்று திருத்தி வைத்திருந்தார்; அவரே கையெழுத்திட்ட சான்றிதழ் காலையில் பதிவாகியிருந்தது. மகளுக்குச் சீட் கேட்டு நின்றவர் அந்தச் சேதி கேட்டு, யாரோ ஒருவருக்குச் சீட் கிடைத்துவிட்டது என்று அழுதுகொண்டே கைதட்டினார். இயக்குநர் மேடையிலிருந்து இறங்கி வந்து பல்லக்காவின் காதருகே குனிந்தார்.

“என்னை என்ன பண்ணினே?”

“தெரியலைங்க சார். ஜன்னல்ல போய்க் கேட்டா வார்த்தை சொல்வாங்க. சரிபார்ப்பு மட்டும் கொஞ்சம் வலிக்கும்.”

அவர் சரிபார்ப்பாளரைப் பார்த்தார். சரிபார்ப்பாளர் வழக்கம்போலச் சட்டைக் கையை மடித்துக்கொண்டிருந்தார். இயக்குநர் மேடைக்குத் திரும்பிப்போய், எண்ணிக்கை ஒன்று என்றே வாசித்தார்.

சனிக்கிழமை காலை இடிக்க யாரும் வரவில்லை. தம்பிதான் வந்தான். விலாவைப் பிடித்துக்கொண்டு, முன்பல் இரண்டு இல்லாமல், வாசலிலேயே நின்றான். அவன் தொழிலுக்கு முதல் முன்பல் தெரியும் சிரிப்புதான் என்பது அவளுக்குத் தெரியும். புதுப் பற்களைப் போட்டுக்கொண்டு இன்னொரு ஊரில் இன்னொரு அக்காவைப் பார்த்து அவன் சிரிப்பான் என்பதும் தெரியும். நாற்காலியைக் காட்டினாள். பல் செய்ய ஒப்புதல் என்று ஒரு தாளைக் கொடுத்தாள். அவன் அதை முன்பக்கமும் பின்பக்கமும் படித்தான், வெளிச்சத்தில் பிடித்துப் படித்தான், பிறகுதான் போட்டான்.

நல்ல பல்லாகவே எடுத்தாள். நிறம் பார்த்து, ஈறு பார்த்து, ஒரு நாள் முழுக்க ராவினாள். கடைசியாக இரண்டு பல்லுக்கும் நடுவில் நூல் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி வைத்தாள். பார்த்தால் தெரியாது.

“ஏதாவது சொல்லிப் பாரு. சித்தப்பான்னு சொல்லு.”

“சித்தப்பா” என்றான் அவன். வார்த்தைக்கு முன்னால் விசில் பறந்தது. ரயில் புறப்படுகிற மாதிரி, தெருக்கோடி வரை கேட்கிற விசில். எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு தலை எட்டிப் பார்த்தது. அவன் வாயைப் பொத்திக்கொண்டு அவளைப் பார்த்தான்.

சிரிப்பில் அவள் உதட்டுக் காயம் பிரிந்து, மேஜையில் காய்ந்துகொண்டிருந்த வெள்ளைச் சாந்தில் ஒரு சொட்டு விழுந்தது.

“பழகிடும் தம்பி” என்றாள்.